இம்பாக்ட் கன்னுக்கு எந்த சாக்கெட்? கார், பிக்கப், லாரி வேலைக்கான விரிவான பதில்

கேள்வி இதுதான்: அரை இஞ்ச் பேட்டரி இம்பாக்ட் ரெஞ்ச் (நட்டு, போல்ட்டை அடித்து அடித்துச் சுழற்றும் கருவி, பட்டறையில் இம்பாக்ட் கன்) ஒன்று புதிதாக வாங்கியாகிவிட்டது. பெரும்பாலும் கார், பிக்கப் வேலை, எப்போதாவது லாரி சக்கரம். கையில் இருக்கும் பளபளப்பான குரோம் சாக்கெட் செட்டையே அதில் மாட்டலாமா? தனியாக இம்பாக்ட் சாக்கெட் வாங்குவதென்றால் எந்த டிரைவ் (கன்னில் மாட்டும் சதுரத் துளையின் அளவு), எந்த அளவுகள், குட்டையா நீளமா, செட்டாகவா தனித்தனியாகவா?

குரோம் சாக்கெட்டை மாட்டாதீர்கள். ஒரு தடவை மட்டும், அவசரத்துக்கு என்றுகூட வேண்டாம். காரணம் தெரிந்துவிட்டால் மற்ற கேள்விகளில் பாதிக்குத் தானாகவே விடை கிடைத்துவிடும்.

ராட்செட்டையோ டி-ஹேண்டிலையோ பிடித்து இழுக்கும்போது விசை மெதுவாக ஏறுகிறது. சாக்கெட்டின் சுவர் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு, நட்டு கழன்றதும் பழைய நிலைக்கு வந்துவிடும். இம்பாக்ட் கன் அப்படி இழுப்பதில்லை. உள்ளே ஒரு சுத்தியல் சுழன்று வந்து ஆன்வில் (சாக்கெட் மாட்டும் சதுர முனை உள்ள தண்டு) மேல் மோதும், விலகும், மறுபடி மோதும். நிமிடத்துக்கு ஆயிரம் முதல் மூவாயிரம் அடி. ஒவ்வொரு அடியும் கண்ணிமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைவான நேரமே நீடிக்கும், ஆனால் அந்த நொடித்துளியில் உச்சத்தில் நிற்கும். கை சாக்கெட் தேயக்கூடாது, சுவர் மெல்லிசாக இருந்து இடுக்கில் நுழைய வேண்டும் என்பதற்காக அதை நன்றாகக் கடினப்படுத்தியிருப்பார்கள். கடினத்தை அளக்கும் ராக்வெல் சி அளவில் பொதுவாக 48-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். இம்பாக்ட் சாக்கெட் அதைவிட மென்மையானது, சுமார் 40 முதல் 45 வரை. மென்மை இங்கே குறையில்லை. அடி விழும்போது உலோகம் இம்மியளவு நெளிந்து கொடுக்க வேண்டும். கடினமானது நெளியாது, மூலையில் மயிரிழை விரிசல் விடும். அடுத்த நாளோ அடுத்த மாதமோ அந்த விரிசல் முழு நீளத்துக்கு ஓடி சாக்கெட் இரண்டாகப் பிளக்கும். பிளந்த துண்டு எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. உடையாவிட்டாலும் குரோம் பூச்சு செதில் செதிலாக உரியும். அந்தச் செதில் பிளேடு மாதிரி, கண்ணில் பட்டால் கதை முடிந்தது. ஆகவே இம்பாக்ட் சாக்கெட் போட்டாலும் கண்ணாடி கட்டாயம்.

கடையில் பெரும்பாலும் சொல்வது, குரோம் வெனேடியம் என்றால் கை சாக்கெட், குரோம் மாலிப்டினம் என்றால் இம்பாக்ட் என்பது. பொதுவாக அது சரிதான். ஆனால் முழு உண்மை இல்லை. குரோம் வெனேடியத்திலேயே நன்றாகச் செய்த இம்பாக்ட் சாக்கெட்டுகளும் உண்டு. எஃகின் பெயரைவிட அதற்குக் கொடுத்த வெப்பப் பதமும், சுவரின் கனமும்தான் பெரிது. கறுப்பாக இருப்பதும் அத்தாட்சி ஆகாது. கறுப்புப் பூச்சு கொடுத்த கை சாக்கெட்டுகள் சந்தையில் இருக்கின்றன.

நிஜமான இம்பாக்ட் சாக்கெட்டை அடையாளம் காண நான்கு விஷயம் பாருங்கள். சதுரத் துளை உள்ள பக்கம் சுவரைக் குறுக்கே துளைத்த ஓட்டையும், அதைச் சுற்றி ஒரு பள்ளமும் இருக்கும் (அது எதற்கென்று கீழே சொல்கிறேன்). அதே அளவு கை சாக்கெட்டோடு பக்கத்தில் வைத்தால் சுவர் கண்ணுக்குத் தெரியும்படி தடிமனாக இருக்கும், கையில் கனக்கும். உடம்பில் இம்பாக்ட் என்று பொறித்திருக்கும். நல்ல தயாரிப்பாளராக இருந்தால் டின் (DIN, ஜெர்மன் தரம்) 3129 அல்லது ஐஎஸ்ஓ (ISO) 2725-2 என்ற தர எண்ணும் அட்டையிலோ பட்டியலிலோ இருக்கும். டின் 3124 என்றால் அது கை சாக்கெட்டுக்கானது. இந்த ஒற்றை எண் வித்தியாசத்தைக் கவனிக்காமல் வாங்குகிறவர்கள் நிறைய.

அடுத்து டிரைவ். நம் பட்டறை வழக்கில் மூணு நூல் (ஒரு நூல் என்பது எட்டில் ஒரு இஞ்ச்), அரை, முக்கால், ஒரு இஞ்ச் என்று நான்கு. மில்லிமீட்டரில் 9.5, 12.7, 19, 25.4. உங்கள் கன் அரை இஞ்ச், ஆகவே சாக்கெட்டும் அரை இஞ்ச். இது சொல்லவே தேவையில்லாத விஷயம் போலத் தெரியும். ஆனால் தப்பு நடப்பது இங்கேதான், அடாப்டர் வழியாக. முக்கால் கன்னில் அடாப்டர் போட்டு அரை இஞ்ச் சாக்கெட் மாட்டினால், முக்காலுக்கென்று கட்டிய அடி மொத்தமும் அரை இஞ்ச் சதுரத்தின் வழியே போக வேண்டும். அது முறுக்கிக்கொள்ளும் அல்லது முறியும். மறுபக்கம், அரை இஞ்ச் கன்னில் அடாப்டர் போட்டு முக்கால் இஞ்ச் லாரி சாக்கெட் மாட்டுவது உடைவதில் அவ்வளவு மோசமில்லை. ஆனால் நட்டு கழலாது. காரணம் அடுத்த பத்தியில். கால் இஞ்ச் அறுகோணத் தண்டு உள்ள சிறிய இம்பாக்ட் டிரைவரில் அரை இஞ்ச் அடாப்டர் மாட்டுகிறார்கள். அதன் கழுத்து மிக மெல்லியது. 10, 12 மி.மீ தலை உள்ள சிறு போல்ட்டுகளோடு நிறுத்திக்கொண்டால் தாங்கும்.

கன்னின் ஆன்வில் முதல் நட்டின் ஆறு முகம் வரை அடி கடந்து போகிற பாதையை மனதில் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். ஆன்வில் சதுரத்துக்கும் சாக்கெட் துளைக்கும் நடுவே ஒரு இடைவெளி. எக்ஸ்டென்ஷன் போட்டால் இன்னொரு இடைவெளி, அடாப்டர் போட்டால் மேலும் ஒன்று. யுனிவர்சல் ஜாயின்ட் என்றால் அதன் ஊசியிலும் இரண்டு. கடைசியாக சாக்கெட்டுக்கும் நட்டுக்கும் நடுவே ஒன்று. ஒவ்வொரு அடியும் இந்த இடைவெளிகளை எல்லாம் மூடிவிட்டுத்தான் நட்டை எட்டும். போதாததற்கு, நீளமான மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒரு முறுக்குச் சுருள்வில் மாதிரி வேலை செய்யும். அடியை வாங்கி முறுக்கிக்கொண்டு, திரும்ப விரிந்து, சுத்தியலுக்கே பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடும். கன் சத்தமாக அடிக்கிறது, நட்டு அசையவில்லை என்றால் பெரும்பாலும் இதுதான் நடந்துகொண்டிருக்கும். கன்னைக் குறை சொல்லி பெரிய கன் வாங்குவதற்கு முன்னால் 250 மி.மீ எக்ஸ்டென்ஷனைக் கழற்றிவிட்டு 75 மி.மீ போட்டுப் பாருங்கள்.

சக்கர நட்டுக்கென்று விற்கும் டார்க் ஸ்டிக் இதே குணத்தை வேண்டுமென்றே பயன்படுத்துகிற சாமான். குறிப்பிட்ட விசைக்கு மேல் போகவிடாமல் தானே முறுக்கிக்கொள்ளும்படி தண்டின் தடிமனைக் குறைத்திருப்பார்கள். அது ஏறக்குறைய சரியான அளவு தருமே தவிர, இறுக்கத்தை அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்சுக்கு ஈடாகாது. இதற்கு நேர் எதிரானது கனமான சாக்கெட். கிராங்க் புல்லி போல்ட் போன்ற பிடிவாதக்காரனுக்கு, வெளிவிட்டம் மிகப் பெரிதாக, உலக்கைத் தலை மாதிரி செய்த சாக்கெட் உண்டு. ஹோண்டா கார்களின் 19 மி.மீ கிராங்க் புல்லி போல்ட்டுக்கு இது பெயர் பெற்றது. கனம் முறுக்கிக்கொள்ளாமல் அடியை அப்படியே கொண்டுபோய் சேர்க்கும். அதே கன், அதே அடி, வித்தியாசம் சாக்கெட்டில் மட்டும்.

குட்டையா நீளமா என்ற கேள்விக்கும் இதிலிருந்துதான் பதில். அரை இஞ்சில் குட்டை சாக்கெட் சுமார் 38–40 மி.மீ, நீளமானது சுமார் 78–80 மி.மீ. சக்கர நட்டு குழிக்குள் இருக்கும், ஸ்டட் (நட்டு ஏறும் மரைத் தண்டு) நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். இந்த இரண்டு இடத்துக்கும் நீள சாக்கெட். குட்டை சாக்கெட்டோடு எக்ஸ்டென்ஷன் சேர்ப்பதைவிட ஒரே துண்டாக நீள சாக்கெட் போடுவது எப்போதும் மேல், ஒரு இணைப்பு குறைகிறது அல்லவா. சஸ்பென்ஷன், ஆர்ம், கிராஸ்மெம்பர் போல்ட் தலைகளுக்கு குட்டை சாக்கெட் போதும். இடமும் அடைக்காது. சைலன்சர் கிளாம்ப், பட்டை கட்டும் யு-போல்ட் போன்றவற்றில் மரை நீளமாக வெளியே நிற்கும். அங்கே நீள சாக்கெட்டின் உள்துளை எவ்வளவு ஆழம் போகிறது என்று பாருங்கள். சில மலிவு சாக்கெட்டுகள் வெளியே 80 மி.மீ இருந்தாலும் உள்ளே பாதிக்கு மேல் துளை போகாது. ஸ்டட் முனை உள்ளே முட்டிக்கொண்டால் சாக்கெட் நட்டில் முழுதாக உட்காராமல் விளிம்பில் மட்டும் பிடித்து உருட்டிவிடும்.

எத்தனை முகம் என்பதில் யோசிக்கவே வேண்டாம், ஆறு. பன்னிரண்டு முக சாக்கெட் நட்டின் மூலையில் மட்டும் பிடிக்கும், அடிக்கிற வேலைக்கு ஆகாது. தலையே பன்னிரண்டு முகமாக இருக்கிற போல்ட்டுகள் மட்டும் விதிவிலக்கு. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வகைகளில் சில ஆக்ஸில் போல்ட்டுகள் அப்படி வரும். நல்ல சாக்கெட்டில் ஆறு மூலைகளும் கூராக இல்லாமல் சற்று உள்வாங்கி வட்டமாக இருக்கும். விசை மூலையில் விழாமல் முகத்தின் நடுப்பக்கம் விழுவதற்காக அப்படி வெட்டுகிறார்கள். போல்ட் தலையும் உருளாது, சாக்கெட்டின் மூலையிலிருந்து விரிசலும் கிளம்பாது.

வாய் விளிம்பையும் கவனியுங்கள். நுழைவதற்கு வசதியாக உட்பக்கம் சரிவாக அரைத்திருப்பார்கள். சரிவு ஆழமாக இருந்தால், உயரம் குறைந்த ஃபிளேஞ்ச் போல்ட் (அடியில் வட்டத் தட்டு உள்ளது) தலையில் பாதியை அந்தச் சரிவே விழுங்கிவிடும், பிடி மீதிப் பாதியில்தான். உட்சரிவு குறைவாக, முகம் தட்டையாக இருக்கிற சாக்கெட்டைத் தேர்ந்தெடுங்கள். கிரைண்டரில் வாயைத் தேய்த்துத் தட்டையாக்குவதைப் பார்க்கலாம். சூடேறி நீலம் பாரித்தால் அந்த இடத்தின் பதம் போய்விடும். சாக்கெட்டின் மேல் வெல்டிங் வைப்பதும் அதே தவறு, இன்னும் பெரிதாக.

இனி அளவுகள். இங்கேதான் கடைக்காரர் சொல்லும் 'முப்பத்திரண்டு பீஸ் செட்' உங்களை ஏமாற்றும். போல்ட்டின் மரை ஒன்றாக இருந்தாலும் தலை அளவு தரத்துக்குத் தரம் மாறுகிறது. எம்10 போல்ட்டை (மரையின் விட்டம் 10 மி.மீ) எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய வழி வந்த கார்களில் தலை 14 மி.மீ. இன்றைய ஐஎஸ்ஓ அளவில் 16. பழைய டின் அளவில் 17, இது ஹார்டுவேர் கடையில் இன்றும் கிடைக்கிறது. எம்12 என்றால் இதே வரிசையில் 17, 18, 19. எம்14 என்றால் ஐஎஸ்ஓவில் 21, டின்னில் 22. மாருதி, ஹோண்டா, டொயோட்டா கழற்றினால் 10, 12, 14, 17, 19 மாறி மாறி வரும். ஐரோப்பிய வண்டி வந்தால் 13, 16, 18, 21 கேட்கும். உள்நாட்டு வணிக வண்டிகளில் 13, 17, 19, 24 அடிக்கடி வரும். ஆகவே 16-உம் 18-உம் இல்லாத செட் பாதி செட்தான். ஆனால் பல மலிவு செட்டுகளில் இவை இரண்டும்தான் விடுபட்டிருக்கும். எண்ணிக்கையை நிரப்ப யாரும் தொடாத அளவுகளும் பிட்டுகளும் இருக்கும்.

உங்கள் வேலைக்கு என் யோசனை: அரை இஞ்ச் குட்டையில் 13, 14, 16, 17, 18, 19, 21, 22, 24, 27. நீளத்தில் 17, 19, 21, 22, 24. ஆக்ஸில் நட்டுக்கு 30, 32, 36, இவையும் நீளமாக. 10, 12 இரண்டையும் அரை இஞ்சில் வாங்காதீர்கள். அந்தச் சிறு போல்ட்டுகளுக்கு அரை இஞ்ச் கன்னின் அடி அதிகம், கழுத்தோடு அறுந்து வரும். மூணு நூல் கன் வாங்கும் நாளில் அந்த அளவுகளைச் சேர்த்துக்கொள்ளலாம். மேலே சொன்னவற்றில் 17, 19, 21 மூன்றுக்கு மட்டும் கையில் இருக்கிற பணத்தில் மிக நல்லதை வாங்குங்கள். தினமும் அடிபடப் போவது அவைதான். கோகன், கிங் டோனி, டாப்டுல் போன்றவை தனித்தனியாகவும் கிடைக்கும். அபூர்வமாகத் தொடும் 27, 36-க்கு நடுத்தர விலையே போதும்.

சக்கர நட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாருதி, ஹோண்டாவில் பெரும்பாலும் 19 மி.மீ. ஹூண்டாய், டொயோட்டாவில் 21. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடாவில் நட்டு இல்லை, 17 மி.மீ தலை உள்ள போல்ட். அலாய் வீல் என்றால் நட்டு உட்காரும் குழி குறுகலாக இருக்கும். சாதாரண 19 மி.மீ இம்பாக்ட் சாக்கெட்டின் வெளிவிட்டம் சுமார் 28–30 மி.மீ. பல குழிகளில் அது நுழையாது, அல்லது உரசிக்கொண்டு நுழைந்து பெயின்ட்டைச் சுரண்டும். இதற்கென்று மெல்லிய சுவரோடு, வெளியே பிளாஸ்டிக் உறை போட்டு, 17 நீலம், 19 மஞ்சள், 21 சிவப்பு என்று நிறம் பிரித்து விற்கிறார்கள். வாங்கும் முன் வெர்னியரால் குழியின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். உறையோடு சேர்த்த வெளிவிட்டம் அதைவிட ஒரு மி.மீயாவது குறைவாக இருக்க வேண்டும். மெல்லிய சுவர் என்பதால் இந்த மூன்றும் சக்கரத்துக்கு மட்டும். துருப்பிடித்த ஆக்ஸில் நட்டிலோ சஸ்பென்ஷன் போல்ட்டிலோ போட்டால் வாய் விரிந்துவிடும். பிளாஸ்டிக் உறை கிழிந்தால் அதே நாளில் மாற்றுங்கள், கிழிந்த உறைக்குள் மாட்டிய மணலே வீலைக் கீறும்.

மேலே பளபளப்பான தகடு தொப்பி போட்ட நட்டுகள் வேறு தலைவலி. தகட்டுக்குள் தண்ணீர் போய்த் துருப்பிடித்தால் தலை உப்பிவிடும். 19 நுழையாது, 20 ஆடும். சிலர் 19-ஐ வைத்து சுத்தியலால் தட்டி ஏற்றுவார்கள். நட்டு வந்துவிடும், ஆனால் தகடு சாக்கெட்டுக்குள் மாட்டிக்கொள்ளும், சாக்கெட்டின் வாயும் விரியும். இதற்காகவே 19.5, 21.5 என்று அரை அளவு சாக்கெட் வருகிறது. நட்டைக் கழற்றியதும் குப்பையில் போட்டுவிட்டு ஒரே துண்டாக வரும் முழு எஃகு நட்டு மாட்டுவதுதான் தீர்வு. தலை ஏற்கெனவே உருண்டுபோயிருந்தால், உள்ளே முறுக்கு வரி வெட்டிய எக்ஸ்ட்ராக்டர் சாக்கெட் போடுங்கள். அது கழற்றும் திசையில் மட்டும் கடிக்கும், இறுக்க அதைப் பயன்படுத்தக்கூடாது.

லாரிக்கு வருவோம். கனரக வண்டிகளில் ஸ்டட் எம்22, மரை இடைவெளி 1.5 என்பது மிகவும் வழக்கம். அதே எம்22-க்கு நட்டுத் தலை வண்டியைப் பொறுத்து 32-ஆகவும் வரும், 33-ஆகவும் வரும். 33 சாக்கெட் 32 நட்டில் தாராளமாக உட்காரும், அதனால்தான் ஆபத்து. ஒரு மி.மீ ஆட்டத்தோடு கன் அடித்தால் ஆறு மூலையும் இரண்டு மூன்று தடவையில் வழுவழுவென்று ஆகிவிடும். இரண்டையும் வாங்கி வாயில் பெயின்ட் அடித்து அடையாளம் வையுங்கள். பழைய ஜப்பானிய முறை இரட்டைச் சக்கரத்தில் வெளி நட்டு 41 மி.மீ அறுகோணம், உள்நட்டின் முனை 21 மி.மீ சதுரம். இரண்டையும் கழற்ற ஒரே சாக்கெட்டில் இரு பக்கமும் வெட்டியது கிடைக்கும். இடப்பக்கச் சக்கரங்களில் இடமரை வைத்த பழைய வண்டிகளும் ஓடுகின்றன. கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருக்காமல், ஸ்டட் முனையில் குறி இருக்கிறதா என்று முதலில் துடைத்துப் பாருங்கள்.

எம்22 லாரி நட்டின் இறுக்கம் பொதுவாக 600 நியூட்டன் மீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும். துருவோடு கழற்ற அதைவிட நிறைய வேண்டும். உங்கள் அரை இஞ்ச் கன்னின் பெட்டியில் ஆயிரம் என்று போட்டிருந்தாலும் அது சோதனை மேசையில் குட்டை சாக்கெட்டோடு வந்த எண். எப்போதாவது ஒரு லாரி நட்டு என்றால் முயன்று பார்க்கலாம். வாரம் ஒரு லாரி வரும் என்றால் முக்கால் அல்லது ஒரு இஞ்ச் கன்தான், அதற்கேற்ற சாக்கெட்டோடு. காற்றுக் கன் என்றால் 6.2 பார் அழுத்தம் கன் ஓடும்போது கன்னின் வாயில் இருக்க வேண்டும். கம்ப்ரஸர் மீட்டரில் எட்டு காட்டி, மெல்லிய ஹோஸ் வழியே நான்கு வந்து சேர்ந்தால் எந்த சாக்கெட்டும் உதவாது.

இப்போது அந்த ஓட்டையும் பள்ளமும். மூணு நூல், அரை இஞ்ச் கன்களில் ஆன்வில் முனையில் ஒரு சிறு வளையம் இருக்கும், சாக்கெட்டை அழுத்தினால் மாட்டிக்கொள்ளும், இழுத்தால் வரும். அல்லது ஸ்பிரிங் வைத்த ஒரு ஊசி இருக்கும், அது சாக்கெட்டின் ஓட்டையில் எட்டிப்பார்க்கும். அதை உள்ளே அமுக்கினால்தான் கழலும். தரையில் நின்று அடிக்கடி சாக்கெட் மாற்றுகிற வேலைக்கு வளையம் வசதி. உயரத்தில் நின்று வேலை செய்வோருக்கு ஊசி. முக்கால், ஒரு இஞ்சில் இரண்டும் போதாது, குறுக்கே செருகும் 'பின்' ஒன்றும் அதை மூடும் ரப்பர் வளையமும் போட்டே ஆக வேண்டும்.

போடும் முறை: ரப்பர் வளையத்தை ஸ்க்ரூடிரைவரால் பள்ளத்திலிருந்து கிளப்பி சாக்கெட்டின் வாய்ப்பக்கமாகத் தள்ளிவையுங்கள். ஆன்வில்லில் உள்ள குறுக்கு ஓட்டையும் சாக்கெட்டின் ஓட்டையும் நேராகும்படி மாட்டி, பின்னைச் செருகுங்கள். இரண்டு முனையும் பள்ளத்துக்குக் கீழே அமிழ்ந்திருக்க வேண்டும், விரலால் தடவினால் முனை தட்டக்கூடாது. பிறகு வளையத்தை மேலே உருட்டிக்கொண்டுவந்து மூடுங்கள். பின் நீளம் சாக்கெட்டின் அந்தப் பக்க விட்டத்தைப் பொறுத்தது, எல்லாவற்றுக்கும் ஒரே பின் சேராது. பின் தொலைந்தால் ஆணியும் கட்டுக்கம்பியும் போடுகிற பழக்கம் இருக்கிறது. சுழல்கிற வேகத்தில் ஆணி துப்பாக்கிக் குண்டு போல வெளியே வரும். கம்பியின் நீட்டிய முனை கையுறையைப் பிடித்து இழுத்து விரலை முறுக்கும். வெயிலிலும் எண்ணெயிலும் ரப்பர் விறைத்து வெடிக்கும். கூடுதலாக நான்கைந்து வளையம் எப்போதும் டப்பாவில் இருக்கட்டும்.

எக்ஸ்டென்ஷன், யுனிவர்சல் ஜாயின்ட் இவையும் இம்பாக்ட் வகையாகவே இருக்க வேண்டும். கறுப்பு சாக்கெட் போட்டுவிட்டு நடுவே குரோம் எக்ஸ்டென்ஷன் செருகினால், பலவீனமான இடம் நடுவே வந்து உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். யுனிவர்சலை எவ்வளவு நேராக வைக்க முடியுமோ அவ்வளவு நேராக வைத்து அடியுங்கள். மடங்கிய நிலையில் கன்னை அழுத்தினால் சாட்டை மாதிரி சுழன்று அடிக்கும்.

கடையில் சாக்கெட்டைக் கையில் எடுத்ததும் செய்ய வேண்டியது: வாயை நேராகப் பார்த்து, ஆறு பக்கமும் சுவர் ஒரே தடிமனா என்று கவனியுங்கள். ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்திருந்தால் துளை நடுவில் இல்லை என்று பொருள். அது சுழலும்போது கன் உங்கள் கையில் உதறும், மெல்லிய பக்கம் முதலில் பிளக்கும். சதுரத் துளையின் நான்கு மூலையும் சுத்தமாக வெட்டியிருக்க வேண்டும், பிசிறு கூடாது. ஒரு புது 19 நட்டைப் பையில் கொண்டுபோய் மாட்டிப் பாருங்கள். தடையின்றி நுழைய வேண்டும், நுழைந்தபின் இடமும் வலமும் திருப்பினால் மிகக் கொஞ்சமே ஆட வேண்டும். பளிச்சென்று தெரியும் ஆட்டம் இருந்தால் வேறு எடுங்கள். அளவு எண் பெரிதாக, ஆழமாகப் பொறித்திருப்பது நல்லது. லேசர் எழுத்து கிரீஸிலும் உரசலிலும் ஆறு மாதத்தில் மறைந்துவிடும்.

இஞ்ச் அளவு போல்ட் எதிரே வந்தால் மில்லிமீட்டர் சாக்கெட்டால் சமாளிக்க முடிகிற இடம் சில உண்டு. முக்கால் இஞ்ச் 19.05 மி.மீ, 19 சாக்கெட் இறுக்கமாக உட்காரும். ஐந்து நூல் என்பது 15.88, 16 சரியாக இருக்கும். ஏழு நூல் 22.23, அதில் 22 நுழையாது, 23 ஆடும். அரை இஞ்ச் 12.7, அதில் 13 போட்டால் 0.3 மி.மீ ஆட்டம், கன்னுக்கு அது அதிகம். பழைய டிராக்டர், ஜீப், கம்ப்ரஸர் வேலை வருமென்றால் இஞ்ச் சாக்கெட் ஐந்தாறு தனியாக வைத்துக்கொள்வதே நல்லது.

பயன்படுத்தும்போது இரண்டு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். நட்டை முதல் மூன்று நான்கு சுற்று கையால் ஏற்றுங்கள், பிறகுதான் கன். மரை குறுக்கே ஏறிய நட்டையும் கன் மறுபேச்சில்லாமல் இறுக்கிவிடும், பிறகு ஸ்டட்டே போகும். கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில், வண்டி தரையில் இறங்கியபின், நட்சத்திர வரிசையில். மாருதி சிறு கார்களில் 85 முதல் 100, டொயோட்டாவில் 103, ஹோண்டாவில் 108, ஃபோக்ஸ்வாகன் போலோவில் 120 நியூட்டன் மீட்டர். வண்டிக்குரிய கையேட்டைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். அரை இஞ்ச் கன் சில நொடியில் இதைப்போல இரண்டு மடங்கு இறுக்கிவிடும். பிரேக் டிஸ்க் கோணலாகி, பிரேக் மிதிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்குவதற்கு இதுவும் ஒரு முக்கிய காரணம். கழற்றும்போதும் ஐந்து நொடி விடாமல் அடித்தும் அசையவில்லை என்றால் நிறுத்துங்கள். துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவிடுங்கள், முடிந்தால் நட்டைச் சூடாக்குங்கள். சூடாக்கிய நட்டு செந்நிறமாக இருக்கும்போது சாக்கெட்டை அதில் மாட்டாதீர்கள், சாக்கெட்டின் பதம் இறங்கிவிடும்.

கறுப்புப் பூச்சு துருவைக் கொஞ்சம்தான் தடுக்கும். வேலை முடிந்ததும் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு தடவு போதும். மழைக்காலத்தில் ஈரத்தோடு பெட்டியில் போட்டால் ஒரே வாரத்தில் செம்மண் நிறம் வந்துவிடும்.

இம்பாக்ட் சாக்கெட் தேய்ந்து தீர்கிற பொருள். பிரேக் பேட் மாதிரி அதற்கும் ஆயுள் உண்டு, மாதம் ஒரு முறை சோதித்துப் பார்க்க வேண்டும். வாய் பூப்போல விரிந்திருக்கிறதா, உள்முகங்களில் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்து பளபளக்கிறதா, சதுரத் துளையின் மூலைகள் உருண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். சதுரம் உருண்ட சாக்கெட்டை விடாமல் பயன்படுத்தினால் அது கன்னின் ஆன்வில்லையும் தன்னைப்போலவே உருட்டிவிடும். சாக்கெட்டின் விலையில் முடிய வேண்டியது ஆன்வில் மாற்றும் செலவில் போய் நிற்கும்.

விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். அதற்குப் பட்டறையிலேயே ஒரு சோதனை இருக்கிறது. சாக்கெட்டை மண்ணெண்ணெயில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். எடுத்து, காய்ந்த துணியால் உள்ளும் வெளியும் ஈரம் இல்லாமல் துடையுங்கள். சுண்ணக்கட்டியைப் பொடியாக்கி மேலே பூசி, பத்து நிமிடம் விடுங்கள். விரிசல் இருந்தால் அதற்குள் புகுந்த மண்ணெண்ணெய் கசிந்து வெள்ளைப் பொடியில் ஒரு கறுத்த கோடு காட்டும். பெரும்பாலும் அந்தக் கோடு சதுரத் துளையின் மூலையிலோ பின் ஓட்டையிலோ தொடங்கும். கோடு தெரிந்தால் அந்த சாக்கெட்டைப் பெட்டி ஓரத்தில் போட்டுவைக்காதீர்கள், அவசரத்தில் யாராவது எடுத்து மாட்டிவிடுவார்கள். கட்டிங் வீலால் இரண்டாக அறுத்துப் பழைய இரும்பில் போடுங்கள்.